தொற்றுக்காலத்தில் பள்ளி ஊழியர்களுக்கு வாரக் குறிப்பு தயாரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

"திங்கள்கிழமை வரணுமா சார்?" "பத்தாம் வகுப்புக்கு மட்டுமா, ஒன்பதுக்குமா?" "டிவியில வேற மாதிரி சொல்றாங்களே?" தொற்றுக்காலத்தில் தலைமையாசிரியரின் தொலைபேசியில் நாள் முழுக்க ஓடுவது இந்த மூன்று கேள்விகள்தான். ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஐம்பது பேர் வேலை பார்த்தால் ஐம்பது பேரும் தனித்தனியாகக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாறுபட்ட பதில் போகும். வாரம் ஒருமுறை எல்லோருக்கும் ஒரே பதிலாகப் போகும் ஒரு பக்கச் செய்திதான் ஊழியர் வாரக் குறிப்பு. இதை நிறுத்துவதற்கான ஏற்பாடு அது.

கொரோனா பரவிய 2020 மார்ச் முதல் 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் இருந்த நிலையை வைத்து இதை எழுதுகிறேன். பெரும்பாலும் இந்த வேலை உதவித் தலைமையாசிரியர் தலையிலோ, தமிழில் தட்டச்சு தெரிந்த கணினி ஆசிரியர் தலையிலோதான் விழும். அடுத்த முறை அப்படி யார் தலையில் விழுந்தாலும் அவருக்குப் பயன்படட்டும்.

1. முதலில் ஆட்கள் பட்டியல்

யாருக்கு எழுதுகிறோம் என்பது தெரியாமல் எழுதத் தொடங்காதீர்கள். சம்பளப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. முதுகலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், இளநிலை உதவியாளர், ஆய்வக உதவியாளர் எல்லாம் அதில் இருப்பார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாக வந்த தற்காலிக ஆசிரியர், பகுதிநேர ஓவிய ஆசிரியர், தூய்மைப் பணியாளர், இரவுக் காவலர், சத்துணவு அமைப்பாளர், சமையலர் ஆகியோர் பெயர்கள் பல பள்ளிகளில் அதில் இருக்காது. காலையில் கேட்டைத் திறப்பதும், கழிப்பறையில் கிருமிநாசினி அடிப்பதும், உலர் உணவுப் பொருளை எடை போட்டுக் கொடுப்பதும் இவர்கள்தான்.

பட்டியலில் பெயருக்கு எதிரே மூன்று விவரங்கள் இருக்கட்டும்: வாட்ஸ்அப் உள்ள போனா, சாதாரண போனா; எந்த ஊரிலிருந்து வருகிறார்; எதில் வருகிறார். ஊரும் வண்டியும் எதற்கு என்று தோன்றலாம். 2020-இல் ஊரடங்கில் நின்றுபோன பேருந்து மாவட்டத்துக்குள் மறுபடி ஓடத் தொடங்கியது செப்டம்பர் 1-இல். மாவட்டம் விட்டு மாவட்டம் செப்டம்பர் 7-இல். பாடநூல் வழங்கல், மாணவர் சேர்க்கை எல்லாம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. பக்கத்து மாவட்டத்திலிருந்து வருபவர் பெயரைப் பணிப் பட்டியலில் போட்டுவிட்டு, அவருக்கு இ-பாஸ் (மாவட்டம் தாண்டுவதற்கான அனுமதி) இல்லை என்று காலை 9 மணிக்குத் தெரிந்துகொள்வதால் யாருக்கும் பயனில்லை.

கர்ப்பிணிகள், நீரிழிவு, இதய நோய் உள்ளவர்கள் விவரமும் பணி ஒதுக்கும்போது வேண்டும். அதை இந்தப் பட்டியலில் எழுதாதீர்கள். தலைமையாசிரியரிடம் மட்டும் தனித் தாளில் இருக்கட்டும்.

2. நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம். என் பரிந்துரை சனிக்கிழமை மாலை 4 மணி.

வெள்ளிக்கிழமை அனுப்பினால், அன்று இரவே முதன்மைக் கல்வி அலுவலகத்திலிருந்து புதிய செயல்முறை (எழுத்து மூலமான அலுவலக ஆணை) வந்து குறிப்பைப் பழசாக்கிவிடும். ஞாயிறு இரவு அனுப்பினால் வெளியூரிலிருந்து வருபவர் திங்கள் காலைக்குள் எதையும் மாற்றிக்கொள்ள முடியாது. ஞாயிறு ஒரு நாளாவது பள்ளி வாட்ஸ்அப் சத்தம் இல்லாமல் இருப்பதும் நல்லதுதான். தவிர, 2021 ஜனவரியில் பள்ளி திறந்தபோது வாரத்தில் ஆறு நாள் வகுப்பு நடந்தது. சனி மாலைதான் வாரத்தின் உண்மையான முடிவு.

சொல்ல ஒன்றுமில்லாத வாரத்திலும் அனுப்புங்கள். "இந்த வாரம் மாற்றம் எதுவும் இல்லை. பணிப் பட்டியல் சென்ற வாரத்தியதே." இரண்டு வரி போதும். அது வராவிட்டால், ஏதோ வந்து தனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்று நினைத்துப் போன் செய்வார்கள்.

3. வாரம் முழுக்கச் சேகரித்து வையுங்கள்

சனிக்கிழமை உட்கார்ந்து யோசித்தால் பாதி மறந்துபோகும். மேசையில் ஒரு நோட்டு, இல்லாவிட்டால் போனில் ஒரே ஒரு குறிப்பு. வாரத்தில் வருவது எல்லாம் தேதியோடு அதில் போகட்டும்: மேலிடத்து ஆணை, தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சொன்னது, ஆசிரியர் கேட்ட கேள்வி.

கேள்விகளை எழுதி வைப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே கேள்வி இரண்டு பேரிடமிருந்து வந்தால் மற்றவர்களுக்கும் அதே சந்தேகம் இருக்கிறது என்று கொள்ளலாம். தனிமைப்படுத்தலில் இருந்த நாள்கள் எந்த விடுப்பில் சேரும் என்ற கேள்வி அப்படித்தான் ஒருவர் வாயிலிருந்து தொடங்கும். அதற்குப் பதில் அலுவலகத்தில் கேட்டு எழுத இரண்டு நாளாவது ஆகும். புதன்கிழமையே குறித்து வைத்தால்தான் சனிக்கிழமை பதில் இருக்கும்.

4. ஆணையைப் படித்து, பிரித்து, மறுபடி எழுதுங்கள்

இந்த வேலையின் கஷ்டமெல்லாம் இங்கேதான். இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எது எந்தத் தரத்துச் செய்தி என்று பாருங்கள். டிவியில் கீழே ஓடும் வரி, அமைச்சரின் பேட்டி, அரசு அறிவிப்பு, அரசாணை, முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறை, நம் தலைமையாசிரியரின் முடிவு: இவை ஒன்றல்ல. 2020-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 27-இல் தொடங்க இருந்தது. தள்ளிப்போய் ஜூன் 1 என்றார்கள். அப்புறம் ஜூன் 15. ஜூன் 9-இல் தேர்வே ரத்து. இடையில் வந்த வதந்திகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் ஒவ்வொரு செய்தியோடும் "இதைச் சொன்னது யார், எந்தத் தேதியில்" என்று ஒட்டி எழுதினால்தான் பழைய குறிப்பைப் பார்ப்பவர் குழம்ப மாட்டார்.

அடுத்து, அறிவிப்பில் இல்லாத கேள்விக்குப் பதில் தேடுங்கள். 2021 பிப்ரவரி 25-இல் 9, 10, 11 வகுப்புகளுக்கு அனைவரும் தேர்ச்சி என்று முதலமைச்சர் அறிவித்தார். வகுப்புகள் அதன் பிறகும் நடந்தன. மார்ச் 22 முதல்தான் அந்த வகுப்புகளுக்கு நேரடிப் பாடம் நின்றது. செய்தியை எல்லோரும் டிவியிலேயே பார்த்துவிட்டார்கள், அதைக் குறிப்பில் மறுபடி எழுதுவதில் பொருளில்லை. அறைக்குள் நிற்கும் ஆசிரியருக்கு வேண்டியது வேறு: நாளை வகுப்பு உண்டா? மாணவர் வராவிட்டால் வருகைப் பதிவில் என்ன போடுவது? திருத்திக்கொண்டிருக்கும் விடைத்தாளை என்ன செய்வது? இவற்றுக்கு ஆணையில் பதில் இருக்காது. தலைமையாசிரியரிடம் கேட்டு, அவர் முடிவு என்றே எழுத வேண்டும்.

கடைசியாக, அலுவலக நடையை வேலை நடையாக மாற்றுங்கள். செயல்முறை ஒன்று இப்படி வருகிறது என்று வையுங்கள்:

"அனைத்து வகைப் பள்ளித் தலைமையாசிரியர்களும் தங்கள் பள்ளியில் பயிலும் மாணவர்களின் பெற்றோரிடமிருந்து இசைவுக் கடிதம் பெற்று உரிய கோப்பில் பராமரிக்குமாறும், விவரத்தினை உரிய படிவத்தில் பூர்த்தி செய்து தவறாது அனுப்பிடுமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

இதை அப்படியே முன்னனுப்பினால் ஐம்பது பேரும் படிப்பார்கள். யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். தலைமையாசிரியருக்கு எழுதிய வாக்கியம் அது. குறிப்பில் இப்படி வர வேண்டும்:

"வகுப்பாசிரியர்கள்: இசைவுக் கடிதம் தராத மாணவர் பெயர்களைப் புதன் பிற்பகல் 3 மணிக்குள் இளநிலை உதவியாளரிடம் தாளில் எழுதிக் கொடுங்கள். கடிதம் இல்லாமல் வந்த மாணவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். நூலகத்தில் உட்கார வைத்துவிட்டுப் பெற்றோரைப் போனில் அழையுங்கள்."

யார், எதை, எப்போதுக்குள், யாரிடம் என்ற நான்கும் இதில் வந்துவிட்டன. கூடவே, கடிதம் இல்லாமல் வாசலில் ஒரு பிள்ளை நின்றால் என்ன செய்வது என்பதும் சேர்ந்திருக்கிறது. ஆணை எழுதியவர் அதை யோசித்திருக்க மாட்டார். கேட்டில் நிற்கும் உடற்கல்வி ஆசிரியருக்கு அதுதான் முதல் பிரச்சினை. ஒவ்வொரு ஆணைக்கும் இப்படி ஒரு இக்கட்டான நிலையாவது இருக்கும். எழுதும் முன் அதைக் கண்டுபிடித்துத் தலைமையாசிரியரிடம் முடிவு வாங்கிவிடுங்கள்.

5. ஒரே பக்கம், எப்போதும் ஒரே வரிசை

வரிசை வாராவாரம் மாறக் கூடாது. நான்காவது வாரத்துக்குள் தனக்கு வேண்டியது எங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் பழகிவிடும். 9, 11 வகுப்புகள் திறந்த வாரத்துக்கு ஒரு மாதிரி:

வாரக் குறிப்பு 4
8-2-2021 திங்கள் முதல் 13-2-2021 சனி வரை
6-2-2021 பிற்பகல் 3 மணி நிலவரப்படி

மாறியது: திங்கள் முதல் 9, 11 வகுப்புகளும் வருகின்றன. அறைக்கு 25 பேர் என்பதால் ஒவ்வொரு பிரிவும் இரண்டு அறைகளில் உட்காரும். ஓவிய அறையும் பழைய நூலகமும் வகுப்பறைகள். அறைப் பட்டியல் அலுவலக வாசலில் ஒட்டப்பட்டுள்ளது.

செய்ய வேண்டியது: முன்வாசல், பின்வாசல் இரண்டிலும் காலை 8.30 முதல் வெப்பமானிச் சோதனை. பணியாளர் பெயர்கள் கீழே. 9, 11 வகுப்பாசிரியர்கள் இசைவுக் கடித விவரத்தைப் புதன் 3 மணிக்குள் தர வேண்டும். எமிஸ் (கல்வித் துறை இணையதளம்) வருகைப் பதிவு தினமும் காலை 10.30-க்குள்.

தெரிந்திருக்க: வைட்டமின், துத்தநாக மாத்திரைகள் அலுவலகத்தில் உள்ளன. வகுப்பாசிரியர் கையெழுத்திட்டுப் பெறலாம்.

முடிவாகாதது: 9, 11 வகுப்புகளுக்கு ஆண்டுத் தேர்வு உண்டா என்பது. ஆணை வரவில்லை. மாணவர் கேட்டால் அதையே சொல்லுங்கள்.

கேள்விகளுக்கு: உதவித் தலைமையாசிரியர், மாலை 5 முதல் 6 வரை.

"மாறியது" முதலில் வருவதற்குக் காரணம், பாதிப் பேர் அதற்குமேல் படிக்க மாட்டார்கள். "நிலவரப்படி" என்ற வரி நம்மைக் காப்பாற்றும். அன்று இரவு ஆணை மாறினால் குறிப்பு பொய்யாகிவிடாது.

"முடிவாகாதது" பகுதியைத் தலைமையாசிரியர்கள் பலர் எடுத்துவிடச் சொல்வார்கள், பள்ளிக்குத் தெரியாதது என்று எதையும் எழுதக் கூடாது என்ற எண்ணத்தில். கொஞ்சம் போராடியாவது அதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் அதை நிரப்ப வதந்தி தயாராக இருக்கும். பத்து ஆசிரியர்கள் பத்து வகுப்பில் பத்து விதமாக ஊகம் சொல்வார்கள்.

பணிப் பட்டியலில் "சுழற்சி முறையில்" என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். பெயரும் கிழமையும் வேண்டும். ஒருவர் வராவிட்டால் மாற்று யார் என்பதும் வேண்டும், ஏனென்றால் தொற்றுக்காலத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் வர மாட்டார்.

6. உடல்நலச் செய்தியைத் தனியாகக் கையாளுங்கள்

யாருக்குத் தொற்று என்று குறிப்பில் பெயர் போடாதீர்கள். பெயர் இல்லாமல் "பதினொன்றாம் வகுப்பு வேதியியல் ஆசிரியர்" என்று எழுதுவதும் பெயர் போட்டதற்குச் சமம். ஒரு பள்ளியில் அப்படி எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

வரிசை இதுதான். தொற்று உறுதியானவரிடம் பேசி, யாரோடெல்லாம் அருகில் இருந்தார் என்று கேளுங்கள். அவர்களைத் தலைமையாசிரியர் தனித்தனியாகப் போனில் அழைத்துச் சொல்லட்டும். அது முடிந்த பிறகுதான் குறிப்பில் ஒரு வரி: "ஊழியர் ஒருவருக்குத் தொற்று உறுதியாகியுள்ளது. பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர்களிடம் பேசியாகிவிட்டது. உங்களுக்கு அழைப்பு வரவில்லை என்றால் வழக்கம்போல வரலாம்." கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் எல்லோரும் தலைமையாசிரியரை அழைப்பார்கள்.

மரணச் செய்தியை வாரக் குறிப்பில் சேர்க்கவே வேண்டாம். 2021 மே மாத இரண்டாம் அலையில் வீட்டுக்கு வீடு இழப்பு இருந்தது. எமிஸ் பதிவுக்கும் மாத்திரைக் கணக்குக்கும் நடுவில் ஒரு சக ஊழியரின் தாயார் காலமானதை நான்காவது எண்ணாகப் போடுவது எவ்வளவு சரியான சொற்களில் எழுதினாலும் உறுத்தும். அது தனிச் செய்தியாக, தலைமையாசிரியர் பெயரில், குடும்பத்தாரிடம் கேட்ட பிறகு போக வேண்டும். அன்று வேறு எந்த அறிவிப்பையும் அனுப்பாதீர்கள்.

7. தொனி

இதில் சுருக்கமாகச் சொல்ல இரண்டே விஷயம். ஒருவர் தாமதமாக வந்ததற்கு ஐம்பது பேரைக் கண்டித்து எழுதாதீர்கள். அந்த ஒருவருக்கு அது தன்னைப் பற்றியது என்றே தோன்றாது, மற்ற நாற்பத்தொன்பது பேருக்கும் கோபம் வரும். "கண்டிப்பாக", "தவறும் பட்சத்தில்", "பொறுப்பேற்க நேரிடும்" போன்றவை ஆணைகளில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன, நம் பங்குக்கும் சேர்க்க வேண்டாம்.

"ஆசிரியர் பெருமக்களே" என்று தொடங்கினால் தூய்மைப் பணியாளருக்கு அங்கேயே கதவு மூடிவிடும். "அனைவருக்கும் வணக்கம்" போதும்.

8. எல்லோர் கைக்கும் போய்ச் சேரட்டும்

ஊழியர் அரட்டைக் குழுவில் குறிப்பைப் போட்டால் பத்து நிமிடத்தில் காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் கீழே போய்விடும். வாரக் குறிப்புக்கு மட்டும் தனிக் குழு தொடங்கி, நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் வசதி) வேண்டாம்: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைக்காதவருக்கு அது போகாது, போகவில்லை என்பது உங்களுக்கும் தெரியாது.

அலுவலகக் கணினியில் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் புரியாத குறியீடுகள்தான் வரும். அதனால் பலர் தாளில் அச்செடுத்துப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். படத்தில் தேட முடியாது. பெரிதாக்கிப் படிக்க வயதானவர்கள் படும் பாடு தனி. எல்லாப் போனிலும் சரியாகத் தெரியும் யூனிகோடில் அடித்து, எழுத்தாகவே அனுப்புங்கள். பணிப் பட்டியல் மட்டும் அட்டவணையாக இருந்தால் பிடிஎஃப்.

அடுத்து, அதையே அச்செடுத்துச் சுற்றறிக்கைப் பதிவேட்டில் ஒட்டுங்கள். கையெழுத்து வாங்குவது பழைய வழக்கம்தான், விடாதீர்கள். பேனாவை மட்டும் அவரவர் கொண்டுவரட்டும்.

வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்கும் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கும் சனி மாலையே போனில் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டு வரிதான்: எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த அறைகளைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். ஓவிய அறை திங்கள் முதல் வகுப்பறை என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்து, சாவி வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியாத காலைகள் உண்டு.

கட்டைவிரல் படம் போட்டவர் படித்துவிட்டார் என்று நம்பாதீர்கள். பணிப் பட்டியலில் பெயர் உள்ளவர்களிடம் "உங்கள் கிழமையைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். ஞாயிறு மதியம்வரை அனுப்பாதவர்களை மட்டும் போனில் அழைத்தால் போதும்.

9. நடுவில் ஆணை மாறினால்

பழைய குறிப்பை அழித்துவிட்டுத் திருத்திய முழுக் குறிப்பை மறுபடி போடுவது பெரிய தவறு. எது மாறியது என்று யாருக்கும் தெரியாது. சிலர் கையில் பழையது அச்சாக இருக்கும்.

"வாரக் குறிப்பு 4, திருத்தம் 1" என்று தலைப்பிட்டு, மாறியதை மட்டும் எழுதுங்கள். முன்பு என்ன சொன்னோம், இப்போது என்ன, எப்போதிலிருந்து. மற்றவை மாறவில்லை என்று ஒரு வரி. 2022 ஜனவரி மாதிரி மாதங்களில் இந்த எண் போடும் பழக்கத்தின் அருமை தெரியும்: முதலில் 1 முதல் 8 வரை நேரடி வகுப்பு நின்றது, பிறகு 9-க்கும், அப்புறம் 10 முதல் 12 வரைக்கும் விடுமுறை, பிப்ரவரி 1-இல் எல்லோருக்கும் திறப்பு. எண் இருந்தால் "திருத்தம் 2 பார்த்தீங்களா?" என்று ஆசிரியர்கள் தங்களுக்குள்ளேயே கேட்டுச் சரிசெய்துகொள்வார்கள்.

அவசரமில்லாத மாற்றத்தைச் சனிக்கிழமைவரை வைத்திருங்கள். நாளை காலைக்குள் யாராவது வேறுவிதமாக நடந்துகொள்ள வேண்டுமா? வேண்டாம் என்றால் அது திருத்தம் ஆகாது.

10. கோப்பும் நிறுத்தமும்

ஒவ்வொரு குறிப்பையும் திருத்தங்களோடு அச்செடுத்துத் தேதி வரிசையில் ஒரு கோப்பில் வையுங்கள். எந்த நாளில் யார் பணியில் இருந்தார், எந்த வகுப்பு எந்த அறையில் உட்கார்ந்தது என்ற கேள்விகள் மாதங்கள் கழித்து, விடுப்புக் கணக்குப் பார்க்கும்போதும் தணிக்கையின்போதும் வரும். போன் மாறினால் வாட்ஸ்அப்பில் இருந்தது போய்விடலாம்.

"மாறியது" பகுதி சில வாரம் தொடர்ந்து காலியாகவே இருந்தால், வழக்கமான சுற்றறிக்கைக்குத் திரும்பலாம். சத்தமில்லாமல் நிறுத்திவிடாதீர்கள். "இதுவே கடைசி வாரக் குறிப்பு, இனி அறிவிப்புகள் சுற்றறிக்கைப் பதிவேட்டில் மட்டும்" என்று எழுதி அனுப்புங்கள். அந்தக் குழுவையும் கலைக்க வேண்டாம். நிர்வாகிகள் மட்டும் எழுதும்படியே விட்டு வைத்தால், அடுத்த முறை எண்களை மறுபடி சேகரிக்கும் வேலை மிச்சம்.